"ஆண்டவர் சும்மா அடிப்பாரா?": துன்பத்தில் நண்பர்களே தீர்ப்புச் சொல்லும்போது எழும் கேள்விகள்

கீழே உள்ள கேள்விகளை எல்லாம் ஆட்கள் என்னிடம் நேரில் கேட்டிருக்கிறார்கள். சிலர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் கலைகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். சிலர் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை வராந்தாவில் கிளினிக் நம்பருக்குக் காத்திருந்தபடி கேட்டார்கள். நோயைவிட, கடனைவிட, கூட இருந்தவர்களின் பேச்சுத்தான் அவர்களைக் கூடுதலாக நோகடித்திருந்தது.

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் ஜெபக்குழுவில் உள்ளவர்களே "எதையோ மறைத்து வைத்திருக்கிறீர்கள், அறிக்கை செய்யுங்கள்" என்கிறார்கள். வேதத்தின்படி இது சரியா?

சரியில்லை. இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வதற்கென்றே வேதாகமத்தில் ஒரு முழுப் புத்தகம், 42 அதிகாரங்களோடு, இருக்கிறது. யோபு உத்தமனும் சன்மார்க்கனும் என்று அதன் முதல் வசனமே சொல்லிவிடுகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் கர்த்தரே தம் வாயால் அதைச் சொல்கிறார். அப்படிப்பட்ட மனிதனுக்கு ஒரே நாளில் மாடு, கழுதை, ஆடு, ஒட்டகம், வேலைக்காரர், பத்துப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டன. அப்புறம் உள்ளங்கால் தொடங்கி உச்சந்தலை வரை பருக்கள். இதற்குக் காரணம் அவன் செய்த பாவம் இல்லை என்று வாசிக்கிற நமக்குத் தெரியும். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்களுக்கும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளாமல், தெரிந்தவர்கள்போல் பேசினார்கள். அவர்களுடைய பிழை அதுதான்.

யோவான் 9ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். அந்த மனிதன் அங்கேதான் இருக்கிறான். அவனுக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். தன் அம்மா அப்பாவின் பெயரும் சேர்ந்து இழுபடுவதை எத்தனை வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தானோ! இயேசு இரண்டையும் மறுத்தார். அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்றார்.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: செய்யாத பாவத்தை அறிக்கை செய்யாதீர்கள். மட்டக்குளியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருந்தார். கீமோ முடிந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சி மட்டுமே குடித்துக்கொண்டிருந்த நாட்கள். வீட்டுக்கு வந்த நண்பிகள் விடவில்லை. எதையாவது சொன்னால் நிறுத்துவார்கள் என்று நினைத்து, சின்ன வயதில் பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதைச் சொன்னார். "இது இல்லை, அக்கா. இன்னும் பெரிசா ஏதோ இருக்கு" என்றார்கள். இந்தத் தேடலுக்கு முடிவே கிடையாது. தேடுகிறவர்களுக்குத் தேவைப்படுவது உங்கள் மனந்திரும்புதல் அல்ல. உங்கள் நோய்க்கு ஒரு காரணம் கிடைத்தால்தான் அவர்களுக்கு நிம்மதி.

யோபு இதற்கு இணங்கவில்லை. நீங்கள் சொல்வது நியாயம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், சாகும்வரை என் உத்தமத்தை விடமாட்டேன் என்று 27ஆம் அதிகாரத்தில் சொல்கிறான். அதை அகங்காரம் என்று நண்பர்கள் நினைத்தார்கள். கர்த்தர் அப்படி நினைக்கவில்லை.

ஆனால் "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்றும் வேதம் சொல்கிறதே?

சொல்கிறது. குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவனிடம் "இதற்கும் உன் குடிக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்வது அன்பு ஆகாது. பாவத்துக்கு விளைவு உண்டு. அதற்காக, கண்ணில் படுகிற ஒவ்வொரு துன்பத்தையும் பாவத்தின் விளைவு என்று திருப்பிப் படிக்க முடியாது. யோபுவின் நண்பர்கள் சொன்ன தனித்தனி வசனங்களில் நிறைய உண்மை இருக்கிறது. பிழையான ஆளிடம் அதைச் சொன்னார்கள்.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் போனதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாத்தானைக் கர்த்தர் அனுப்பினார். நடந்தது என்ன என்று அவனுக்குத் தெரியும்: தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான், உரியாவைச் சாகவும் வைத்தான். ஊகம் எதுவும் இல்லை. ராஜாவிடம் நேரில் போய், முகத்துக்கு நேராக "நீயே அந்த மனுஷன்" என்றான். எலிப்பாஸ் என்ன செய்தான்? 22ஆம் அதிகாரத்தில், யோபு விதவைகளை வெறுங்கையாக அனுப்பினான், தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று அடுக்குகிறான். ஒன்றையும் அவன் கண்ணால் கண்டதில்லை. இவ்வளவு பெரிய துன்பம் வந்திருக்கிறது, ஆகவே இவ்வளவு பெரிய பாவம் இருந்திருக்க வேண்டும் என்று பின்னுக்கிருந்து கணக்குப் போட்டான்.

உங்களிடம் வருகிறவர் எந்தக் காரியம், எப்போது, யாருக்கு என்று சொல்ல முடியாமல் "ஏதோ இருக்கும்" என்று மட்டும் சொன்னால், அவர் எலிப்பாஸின் வழியில்தான் வந்திருக்கிறார்.

நண்பர்கள் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரியில் நித்திரை இல்லாமல் பழையதை எல்லாம் கிளறுகிறேன். என்ன செய்யலாம்?

ஒரு தடவை, நேர்மையாக, ஆண்டவர் முன் உட்கார்ந்து உங்களை ஆராய்ந்து பாருங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து" என்ற 139ஆம் சங்கீதத்தின் கடைசிப் பகுதியை ஜெபமாகச் சொல்லலாம். திட்டமாக ஒரு காரியம் நினைவுக்கு வந்தால், அறிக்கை செய்து, யாருக்காவது பிழை செய்திருந்தால் அதைச் சரிப்படுத்துங்கள். நோய்க்குக் காரணம் அது என்பதற்காகச் செய்ய வேண்டாம். எந்த நாளிலும் செய்ய வேண்டியதுதான் அது. ஒன்றும் வரவில்லையா? அத்தோடு விட்டுவிடுங்கள். பரிசுத்த ஆவியானவர் உணர்த்தினால் காரியம் தெளிவாகத் தெரியும், திரும்பி வர வழியும் தெரியும். பெயரில்லாத ஒரு குற்றவுணர்வு உங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நம்பிக்கையையே பிடுங்கிக்கொண்டு போனால், அதை ஆண்டவரின் குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நித்திரையே இல்லாமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். நம்பகமான ஒருவரை உடனே கூப்பிடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. அதை அழைப்பது விசுவாசக் குறைவு அல்ல.

உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கும் சிலர் காரணம் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது?

2019 ஏப்ரல் 21 காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மட்டக்களப்பில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். பூசைக்குப் போன இடத்தில், பெருநாள் உடுப்போடு, ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் என்று போன குடும்பங்கள் இருக்கின்றன.

இதற்குக் காரணம் தேடுகிற எவரும் லூக்கா 13ஐ வாசித்துவிட்டு வாயைத் திறக்கட்டும். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவந்தார்கள். வணக்கத்தின் நடுவில் கொல்லப்பட்டவர்கள். இதைவிடக் கிட்டிய ஒப்பு வேறெங்கே இருக்கிறது? செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, "அப்படியல்ல" என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றியும் அதையே சொன்னார். பிறகு, கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். செத்தவர்களின் கணக்கைப் பார்க்க வந்தவர்களிடம் அவரவர் கணக்கைத் திறக்கச் சொன்னார்.

பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. அவர் காதில் விழும்படி மற்றவர்கள் பேசும்போது, அந்தப் பேச்சை நிறுத்துவதற்கு இது உதவும்.

யோபுவின் நண்பர்கள் கெட்டவர்களா? என் நண்பர்களும் அப்படித்தானா?

கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. யோபு 2ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை வாசியுங்கள். செய்தி கேட்டு, ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு, அவரவர் இடத்திலிருந்து புறப்பட்டு வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தபோது யோபுவை அடையாளமே தெரியவில்லை. சத்தமிட்டு அழுதார்கள், சால்வையைக் கிழித்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். நம்மில் யார் ஏழு நாள் ஒருவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறோம்? வேதாகமத்தில் இதற்கு நிகரான துக்க விசாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

எட்டாவது நாள் நிலைமை மாறியது. யோபு வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபித்தான். அந்தப் புலம்பலை அவர்களால் தாங்க முடியவில்லை. எலிப்பாஸ் முதலில் பக்குவமாகத்தான் தொடங்குகிறான்: குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ, நினைத்துப்பாரும் என்கிறான். அடுத்து பில்தாத். உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால் செத்தார்கள் என்று பத்துப் பிள்ளைகளைப் புதைத்த தகப்பனிடம் சொல்கிறான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான். சோப்பார் இன்னும் ஒருபடி மேலே போய், நீ வாங்கினது உன் பாவத்துக்குக் குறைவு என்கிறான். யோபு ஒத்துக்கொள்ளாமல் இருக்க இருக்க அவர்கள் குரல் ஏறுகிறது.

ஏன் இப்படி? யோபுவே 6ஆம் அதிகாரத்தில் அதைப் பிடித்துவிடுகிறான்: "என் ஆபத்தைக் கண்டு பயப்படுகிறீர்கள்." யோபு குற்றமில்லாதவன் என்றால், நாளைக்கு இதே அடி எலிப்பாஸின் வீட்டிலும் விழலாம். அதை நினைத்துப் பார்க்க யாருக்குத்தான் பயமில்லை? யோபு எங்கேயோ பிழைவிட்டான், நாங்கள் விடவில்லை, ஆகவே எங்களுக்கு வராது என்று நினைத்தால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். உங்கள் நண்பர்கள் பலருக்குள்ளும் இருப்பது இந்தப் பயம்தான் என்று நம்புகிறேன். அது அவர்கள் பேச்சை நியாயப்படுத்தாது. ஆனால் அவர்கள் தீர்ப்பு உங்களைப் பற்றியது என்பதைவிட அவர்களைப் பற்றியது என்று தெரிந்தால், கொஞ்சம் மூச்சுவிடலாம்.

எனக்கு நோய் இல்லை, கடன். 2022இல் கடை மூடினேன். கூட இருந்தவர்களே "காசைச் சுருட்டிவிட்டான்" என்கிறார்கள்.

புறக்கோட்டையில் இறக்குமதிச் சாமான் வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு அந்த வருடம் என்ன நடந்தது என்று கொழும்புக்கே தெரியும். டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. வங்கியில் டொலரே இல்லை. எத்தனையோ நேர்மையான ஆட்கள் சீட்டுக்காசையும் கைமாற்றையும் திருப்பிக் கொடுக்க முடியாமல் முழித்தார்கள்.

இந்த விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி ஆலோசனை சொல்வேன். நோயைப் பற்றி யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. மற்றவர் காசு சம்பந்தப்பட்டிருந்தால் காட்டத்தான் வேண்டும். எருசலேம் சபைக்கான தர்மப் பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகாமல் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் சொல்கிறார். ஒரு கொப்பியில் யாருக்கு எவ்வளவு, எப்போது வாங்கியது, இதுவரை கொடுத்தது எவ்வளவு என்று எழுதுங்கள். கடன் கொடுத்தவரிடம் நீங்களாகப் போய்க் காட்டுங்கள். மாதம் 2,000 ரூபாய்தான் முடியும் என்றால் 2,000 என்று சொல்லுங்கள். போனை எடுக்காமல் இருந்தால், இல்லாத குற்றமும் இருப்பதாகத்தான் தெரியும். இவ்வளவும் செய்த பிறகும் கள்ளன் என்று சொன்னால், அந்தப் பழி உங்களுடையது அல்ல.

என்னைப் பற்றி வட்ஸ்அப் குழுவில் பேசுகிறார்கள். பதில் சொல்லலாமா? இயேசு மௌனமாக இருந்தாரே?

மௌனமாகவும் இருந்தார், பதிலும் சொன்னார். பிரதான ஆசாரியன் முன்னிலையில் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தகாததைப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். அன்னாள் கோயிலில் உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்தபோது, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவள் மரியாதையாக, ஆனால் தெளிவாக, "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்றாள். ஏலியும் உடனே மாறி ஆசீர்வதித்தான்.

குழுவில் எழுத வேண்டாம். பேச்சைத் தொடங்கியவரோடு நேரில், தனியாகப் பேசுங்கள். மத்தேயு 18 சொல்வதும் அதைத்தான். "அண்ணா, நீங்கள் சொன்னது உண்மை இல்லை. அது என்னை மிகவும் நோகச்செய்தது" என்ற இரண்டு வசனம் போதும். கேட்காதவரிடம் மூன்றாம் தடவை விளக்கம் சொல்லிக் களைக்காதீர்கள்.

பிரசங்கத்திலேயே அப்படிச் சொன்னால்?

சொன்னவரிடம் போய், ஒரு மூத்தவரையும் கூட்டிக்கொண்டு, பேசிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மேடையிலிருந்து உங்கள் நோயைக் குற்றமாகச் சொன்னால் வேறு சபைக்குப் போங்கள். அது ஆண்டவரை விட்டுப் போவது அல்ல.

ஆண்டவரிடமே கோபமாக முறையிட்டுவிட்டேன். அது பாவமா?

88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். கடைசி வசனத்திலும் விடிவு இல்லை, நண்பர்கள் தூரமாகிவிட்டார்கள், இருள் மட்டும் இருக்கிறது என்றுதான் முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். யோபு இன்னும் கடுமையாகப் பேசினான். அவன் பேச்சு எல்லை மீறிய இடங்கள் உண்டு, கர்த்தர் 38ஆம் அதிகாரத்திலிருந்து அதற்குப் பதில் கொடுக்கிறார், யோபுவும் தன்னைத் தாழ்த்துகிறான். ஆனால் முடிவில் எலிப்பாஸிடம் கர்த்தர் சொன்னது: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." ஆண்டவருக்காக வக்காலத்து வாங்கியவர்கள்மேல் கோபம் வந்தது. ஆண்டவரிடமே அழுது சண்டை பிடித்தவனைத் தம் தாசன் என்றார். மூன்று நண்பர்களும் இத்தனை அதிகாரத்தில் ஒரு தடவைகூட யோபுவுக்காக ஜெபிக்கவில்லை. ஆண்டவரைப் பற்றிப் பேசினார்கள், ஆண்டவரோடு பேசவில்லை. யோபுதான் பேசினான்.

சிலுவையில் தொங்கியவரைப் பார்த்தும் ஆட்கள் அதே கணக்கைத்தான் போட்டார்கள்: தேவன் இவன்மேல் பிரியமாயிருந்தால் இப்போது காப்பாற்றட்டும் என்றார்கள். அவர் தேவனால் அடிபட்டவர் என்று எண்ணினோம் என ஏசாயா 53 முன்னமே சொல்லியிருந்தது. உங்களைப் பற்றித் தவறாகச் சொல்லப்பட்ட அதே வார்த்தைகளை ஆண்டவர் தம்மேல் வாங்கியிருக்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் தெரியாது.

அவர்களை மன்னித்துப் பழையபடி பழக வேண்டுமா?

மன்னிக்க வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். பழையபடி பழகுவது வேறு விஷயம். யோபு 42இல் ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் கொண்டு யோபுவிடம் போங்கள், அவன் உங்களுக்காக ஜெபிப்பான் என்று நண்பர்களிடம் கர்த்தர் சொல்கிறார். அவர்கள் செய்தது பிழை என்று முதலில் தெளிவாகச் சொல்லப்பட்டது. பிறகு அவர்கள் போக வேண்டியிருந்தது. அப்புறம்தான் யோபு ஜெபித்தான். அவர்கள் சொன்னது சரி என்று யோபு ஒரு இடத்திலும் ஒத்துக்கொள்ளவில்லை. நண்பர்கள் இன்னும் வராவிட்டாலும் அவர்களுக்காக நீங்கள் ஜெபிக்கலாம். தன்னைக் கைவிட்டவர்களைப் பற்றி, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அதேசமயம், கவனமாக இரு என்று செம்புத் தொழிலாளி அலெக்சந்தரின் பெயரையும் அதற்குச் சற்று முன்னாலேயே எழுதினார். இரண்டும் ஒரே அதிகாரம்.

யோபுவுக்கு இரட்டிப்பாகக் கிடைத்ததுபோல் எனக்கும் கிடைக்குமா?

அந்த வாக்கை நான் தர முடியாது. எபிரெயர் 11இல் வாளுக்குத் தப்பினவர்களும் இருக்கிறார்கள், வாளால் வெட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே விசுவாசம். சுகம் கிடைக்காதவரிடம் "விசுவாசம் போதாது" என்பது பழைய குற்றச்சாட்டின் புதிய உடுப்பு. யோபுவுக்குப் பின்னர் கிடைத்த பிள்ளைகள் முதல் பத்துப் பேரையும் மறக்க வைத்திருப்பார்கள் என்றும் நான் நம்பவில்லை.

நான் பார்க்கப் போகிற நண்பன் என்றால் என்ன செய்யலாம்?

போங்கள். கொஞ்ச நேரம் இருங்கள். மகரகமவுக்கு 138 பஸ்ஸில் தினமும் அலைகிற வீட்டுக்காரருக்கு ஒரு நாள் திரீவீலர் பிடித்துக் கொடுங்கள். பாமஸி வரிசையில் அவருக்காக நில்லுங்கள். பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவாருங்கள். சாப்பாடு கொண்டு போவதானால் அவரால் என்ன விழுங்க முடியும் என்று முதலில் கேளுங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, சுருக்கமாக ஜெபியுங்கள். அந்த ஜெபத்துக்குள் புத்திமதி சேர்க்காதீர்கள். "எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் இதே வருத்தம்" என்று தொடங்கும் எந்தக் கதையும் வேண்டாம். அவர் அழுதால் அழட்டும்.

யோபு புத்தகம் நீளம். வருத்தத்தோடு முழுவதும் வாசிக்க முடியவில்லை. எங்கே தொடங்குவது?

1, 2, 3ஆம் அதிகாரங்களோடு தொடங்குங்கள். பிறகு எலிப்பாஸ் பேசும் 4, யோபு பதில் சொல்லும் 6. இடையில் உள்ளவற்றைப் பிறகு பார்க்கலாம். 19இல் தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று சொல்லும் இடத்தை விடாதீர்கள். 22ஐயும் 31ஐயும் அடுத்தடுத்து வாசித்தால் பொய்க் குற்றச்சாட்டும் அதற்கான பதிலும் எதிரெதிரே நிற்கும். 38, அப்புறம் 42. கண் களைத்தால் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விளக்கம் சொல்லாமல் வாசிக்கிற ஒருவராகப் பார்த்துக் கேளுங்கள்.